கோப்பையின் அடியில் ஒரு கறுப்புக் கோடு

மேல்கணக்கு, பெல்மதுளை
1998 பெப்ரவரி 8

அன்பு மருமகள் விஜயகலாவுக்கு,

தேயிலை ஃபாக்டரி அடுப்பின் தனிப்பெரும் சக்கரவர்த்தியும் ரப்பர் விறகுக் கட்டைகளின் எமனுமாகிய உன் தாய்மாமன் ஏழுமலை எழுதிக்கொள்வது. எரிகிற அடுப்பின் முன்னால் நின்று சத்தியம் செய்கிறேன்: இப்போது நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பாதே. நம்பினால் ஜப்பான்காரன் உனக்குச் செலவழிக்கிற சோறு வீண்.

மாணிக்கக் குழிக்காரர்கள் கழுவி எறிகிற பாரமான கறுப்புக் கல் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அந்தக் கடிதத்தை உங்கள் லயத்து வீட்டு வாசலில் வைத்துத்தான் சத்தமாக வாசித்தேன். உன் அம்மா, என் அக்கா மூக்காயி, முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தாள். வாசித்து முடித்ததும், “ஏன், ஜப்பான்ல கல்லுக்குப் பஞ்சமா?” என்றாள். அதோடு சரி.

மறுநாள் நான் விறகு தள்ளிக்கொண்டிருக்கும்போது ஊரே ஓடிவந்தது. என்னவென்றால், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அக்கா நேராக ஆற்றோரம் நிலாம் நானாவின் குழிக்குப் போயிருக்கிறாள்! பொம்பளை குழிக்குக் கிட்டப் போனால் மாணிக்கம் வெட்கப்பட்டு மண்ணுக்குள் ஓடிவிடும் என்பது அங்கே சட்டம். கழுவி முடியும்வரை அப்பால் நிற்கச் சொன்னார்களாம். அக்கா இடுப்பில் கைவைத்து ஒரு சத்தம் போட்டாள் பார், குழிக்குள் நின்றவன் ஏணி இல்லாமலே மேலே வந்து விழுந்தான். ஆற்றில் மீனெல்லாம் கரையேறிக் கும்பிட்டது. பிறகு குழிக்காரர்களே கூடையில் மிஞ்சிய கறுப்புக் கல்லைப் பொறுக்கி மாலைபோல அவள் மடியில் கொட்டினார்கள்.

அந்தப் பொதியைத் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஏறியபோது பஸ் ஒரு பக்கம் சாய்ந்து, பெல்மதுளைச் சந்திவரை இரண்டு சக்கரத்திலேயே ஓடியது. தபால் கந்தோர்த் தராசு அழுதுவிட்டது.

அம்மா உன்னை ரொம்ப விசாரித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கண் கலங்கினாள்.

இப்படிக்கு,
சக்கரவர்த்தி ஏழுமலை


செண்டாய், ஜப்பான்
1998 மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு,

பொதி வந்தது. பஸ் சாய்கிற அளவு பாரம் என்றீர்கள். தபால்காரர் ஒற்றைக் கையால் கொடுத்துவிட்டுப் போனார். வெளியே இன்னும் பனி. எனக்குச் சிரிப்பு வந்து நிறைய நாள். சிரித்தேன். நன்றி.

நான் படிக்கிற பொருளின் பெயர் இல்மனைட். இரும்பு, தைத்தேனியம் என்கிற இன்னோர் உலோகம், ஒட்சிசன் வாயு என்ற மூன்றும் கூடியது. நாங்கள் இதை இங்கே உலையில் செய்தும் பார்க்கிறோம். ஆனால் மண்ணுக்குள் கோடிக்கணக்கான வருஷம் ஆறி அமர்ந்து வளர்ந்த பளிங்கு, அதாவது படிகம், வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் ஒப்பிடுவதுதான் என் வேலை. அதனால்தான் நம் ஊர்க் கல் வேண்டும்.

நீங்கள் அனுப்பியதில் பாதிதான் சரியான கல். மற்றதெல்லாம் வேறு கறுப்பு. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். பூச்சுப் பூசாத பீங்கானில் கல்லை அழுத்தித் தேய்க்க வேண்டும். கோடு சிவப்பாக விழுந்தால் அது வேண்டாம். கோடே விழாமல் பீங்கான்தான் கீறுபட்டால் அதுவும் வேண்டாம். கறுப்பாக விழ வேண்டும். பிறகு ஒரு காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் பாய்ந்து ஒட்டக்கூடாது. வரலாமா என்று யோசிக்கிற மாதிரி இலேசாக அசைய வேண்டும்.

மாமா, இனி விளையாட்டில்லாமல் ஒன்று கேட்கிறேன். அம்மா கண் கலங்கியதாக எழுதியிருந்தீர்கள். மீன் கும்பிட்ட கடிதத்தில் அதுவும் இருந்தது. எதை நம்புவது?

நான் ஜப்பானுக்குப் பிளேன் ஏறப் புறப்பட்ட காலையில் நடந்தது உங்களுக்கு முழுதும் தெரியாது. “கொழும்புக்குப் போகாத, பேசாம இரு” என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். அடுத்த லயத்து விஜேந்திரனைப் புலி என்ற சந்தேகத்தில் கொழும்பு லொட்ஜில் பொலிஸ் பிடித்துப் போய் அப்போதுதான் சில மாதம். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. படிப்பின் அருமை தெரியாமல் மறிக்கிறார் என்று நினைத்து, “கூடையையும் கொழுந்தையும் தவிர நீங்க என்னத்தக் கண்டீங்க?” என்று கேட்டுவிட்டேன். அம்மா திரும்பி நின்றுகொண்டார். பஸ்ஸுக்கு வரவில்லை. நான் கடைசியாகப் பார்த்தது அம்மாவின் முதுகைத்தான்.

அந்த வார்த்தைக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று அப்படியே எழுதுங்கள். நீங்கள் ஒன்றும் சேர்க்காமல்.

அன்புடன்,
விஜயகலா


மேல்கணக்கு, பெல்மதுளை
1998 ஏப்ரல் 19

அன்பு மருமகளுக்கு,

சேர்க்காமல் எழுது என்று உப்பில்லாமல் சமைக்கச் சொல்கிறாய். முயற்சி செய்கிறேன்.

வருஷப் பிறப்பன்று உன் கடிதத்தை வாசித்தேன். பீங்கான் விஷயத்தில் ஆரம்பித்தேன். பூச்சில்லாத பீங்கானுக்கு எங்கே போவது? உடனே உன் மாமனின் மூளை மின்னல்போல வெட்டியது. அந்த வெளிச்சத்தில் இரத்தினபுரி வரை தெரிந்தது. ஃபாக்டரியில் டீமேக்கர் ஐயா தேத்தண்ணி ருசி பார்க்கிற வெள்ளைக் கோப்பைகள் உண்டு அல்லவா? காது உடைந்த ஒன்றைக் குப்பையிலிருந்து மீட்டுவந்தேன். அதைக் கவிழ்த்தால் அடி விளிம்பில் பூச்சு இல்லை, சொரசொரவென்று இருக்கிறது. ஐயா கண்டுபிடித்து, “டேய் ஏழுமலை, குப்பையயும் திருட ஆரம்பிச்சிட்டியா?” என்றார். “ஜப்பான் மகாராஜாவுக்கு வேணும்ங்க” என்றேன். எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

உன் அம்மா இப்போது அந்தக் கோப்பையை முந்தானையில் கட்டிக்கொண்டுதான் ஆற்றுக்குப் போகிறாள். குழியில் கழுவி முடியும்வரை தள்ளியிருக்கிற பாறையில் உட்கார்ந்திருப்பாள். பிறகு இறங்கி ஒவ்வொரு கல்லாகத் தேய்த்துப் பார்ப்பாள். குழிக்காரப் பையன்கள் ‘கலு கல் அக்கே’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள், கறுப்புக் கல் அக்காவாம். நிலாம் நானா என்னிடம், “ஏழுமல, எங்க ஆக்களுக்கு நீலக்கல் மாட்டுதில்ல, ஒங்கட அக்காட மடி மட்டும் ஒவ்வொரு நாளும் நெறையுது. நாங்க தொழில மாத்திக்கிறதா?” என்று கேட்டார்.

மன்னிப்பு விஷயத்துக்கு வருகிறேன். வாசித்தேன். அக்கா அழுதாள். அழுத தண்ணீரில் லயத்து வாசலில் வெள்ளம் வந்து கோழிகள் நீந்தின. “என் கண்ணு, என் ராசாத்தி, ஒன் மேல எனக்கு என்னடி கோவம்” என்று கிழக்கே ஜப்பான் பக்கம் பார்த்துக் கையை நீட்டினாள். இதுதான் நடந்தது. கிட்டத்தட்ட.

இந்தப் பொதியில் இருப்பதெல்லாம் கோப்பையில் தேறிய கல்.

இப்படிக்கு,
உப்பில்லாத ஏழுமலை


செண்டாய்
1998 ஜூன் 7

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா என்னைக் கண்ணு என்றோ ராசாத்தி என்றோ பிறந்ததிலிருந்து ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. உங்களிடம் கோபித்துப் பயனில்லை. ஆனால் இந்த முறை வந்த கல் அத்தனையும் சரி. ஒன்றுகூடத் தப்பவில்லை. எங்கள் பேராசிரியர், பொறுக்கிய ஆள் யார் என்று கேட்டார். என் அம்மா என்றேன்.

அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். கல் மட்டும் வருகிறது. அதற்குப் பதிலாக நானும் கல்லைப் பற்றியே எழுதுகிறேன். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். கோழி, மீன் ஒன்றையும் நடுவில் விடாதீர்கள்.

அம்மா, நீங்கள் அனுப்பிய கல்லுக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நம் தோட்டத்து இரட்டை லயம் மாதிரி. நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசைக் காம்பரா வீடு, அந்தப் பக்கம் ஒரு வரிசைக் காம்பரா. முதுகோடு முதுகு ஒட்டித்தான் இருப்போம், முகம் பார்ப்பதில்லை. இந்தக் கல்லில் ஒரு வரிசை முழுவதும் இரும்பு. அடுத்த வரிசை முழுவதும் தைத்தேனியம். நடுவில் சுவராக ஒட்சிசன். இரும்பு தைத்தேனியத்தின் வரிசைக்குப் போகாது, தைத்தேனியம் இரும்பின் வரிசைக்கு வராது. கல் முழுக்க இப்படித்தான், மாறி மாறி.

குளிரில் வைத்தால் இதற்குள் மின்சாரம் ஓடுவதில்லை என்றே சொல்லலாம். சூடு ஏற ஏற ஓடும். செம்புக் கம்பிக்கு நேர்மாறு. இப்படிப்பட்டதைக் குறைகடத்தி என்பார்கள். சூட்டிலோ வெளிச்சத்திலோ ஓர் இலத்திரன், அணுவுக்குள் இருக்கிற மிகச் சின்னத் துகள், இரும்பை விட்டுச் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும்.

இன்னொன்று. நிலாம் நானா தேடுகிற நீலக்கல்லிலும் உள்ளே இதே மாதிரிக் கட்டடம்தான். அங்கே எல்லாக் காம்பராவிலும் அலுமினியம். சுத்தமாக இருந்தால் அது நிறமில்லாத வெறுங்கல். எங்கோ ஓரிடத்தில் ஓர் இரும்பும் ஒரு தைத்தேனியமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து குடியேறினால், அவற்றுக்கு நடுவே நடக்கிற அந்தத் தாண்டல்தான் நீலமாகத் தெரிகிறது. குழிக்காரர்கள் தூக்கி எறிவதும் தேடிச் சாவதும் ஒரே ஜோடியைத்தான் அம்மா.

மாமா, பெரிய பளிங்காக ஒன்று கிடைத்தால் போதும். டிசம்பரில் ஆய்வை ஒப்படைக்க வேண்டும்.

விஜயகலா


மேல்கணக்கு, பெல்மதுளை
1998 ஓகஸ்ட் 23

அன்பு மருமகள், ஜப்பான் கண்ட பேரறிஞர், விஜயகலா அம்மையாருக்கு,

பிந்தி எழுதுகிறேன். அடுப்பில் வேலை அதிகம். கொழுந்து மலைபோல வந்து குவிகிறது; நேற்று அதில் ஏறி நின்று பார்த்தேன், உன் ஜன்னல் தெரிந்தது.

அம்மா பிரமாதமாக இருக்கிறாள். இவ்வளவு பிரமாதமாக அவள் இருந்ததே இல்லை. குழிக்காரர்களோடு கைமல்லுக்கட்டி எல்லாரையும் சாய்த்துவிட்டாள். அதுவும் இடது கையால். வலது கைக்கு லீவு கொடுத்துவிட்டாள், இவர்களுக்கு இது போதும் என்று. கல்லைக் கோப்பையில் தேய்ப்பதும் இப்போது இடது கையால்தான். தேய்த்துக் கோடு பார்த்து, மகாராணி மாதிரித் தலையை ஆட்டி, கல்லை என் சட்டைப்பைக்குள் அவளே போட்டாள். அவள் தொட்ட கல் ஒவ்வொன்றும் இரவில் மினுங்கி, பஸ்காரன் லைட் போடாமல் இரத்தினபுரி வரை போனான்.

லயத்துக் கதையை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு உன்னைப் பற்றி நாள் முழுக்கப் பேசினாள். “எம் புள்ள பெரிய படிப்பு படிக்கிறா, நான் பெருமப்படுறேன், அவ சந்தோசமா இருக்கணும், அவளுக்கு என் ஆசீர்வாதம், என் கண்ணு நூறு வருசம் வாழணும்” என்றாள். இன்னும் நிறையச் சொன்னாள். எல்லாம் நல்ல வார்த்தை.

ஒரு கைப்பிடி கல் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் அம்மா பொறுக்கியது. நீ அங்கேயே இருந்து படிப்பை முடி. அவசரப்பட்டு வராதே.

இப்படிக்கு,
மாமா


செண்டாய்
1998 செப்டெம்பர் 15

மாமா,

வரிசை உள்ள கல்லை எக்ஸ்ரேயில் வைத்தால் காகிதத்தில் ஊசி ஊசியாகக் கோடுகள் எழும். அடுக்கு அடுக்காக இருப்பதன் அடையாளம் அது. நீங்கள் கடைசியாக அனுப்பியவற்றில் அப்படி ஒன்றும் எழவில்லை. ஒரு மொட்டை மேடு மட்டும். அது கல்லே அல்ல, கண்ணாடி. உருகி, வரிசையில் போய் நிற்க நேரம் கிடைக்காமல் அப்படியே இறுகிப்போனது. கையில் எடுத்தபோதே பாரம் குறைவாக இருந்தது. உடைத்துப் பார்த்தேன். உள்ளே நுண்ணிய குமிழிகள், ஓரத்தில் கரி.

மாமா, அது உங்கள் அடுப்புக் கட்டி. விறகுச் சாம்பலும் மண்ணும் சேர்ந்து உருகி அடியில் ஒட்டிக்கொள்ளுமே, நீங்கள் கம்பியால் குத்தி எடுப்பீர்களே, அது.

அம்மா கையில் இது போயிருந்தால் கோப்பையில் ஒரு தரம் தேய்த்துவிட்டு எறிந்திருப்பார். அம்மா இதைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை?

வலது கைக்கு என்ன?

அம்மா நாள் முழுக்கப் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்ததும் உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கையெழுத்திலும் உங்கள் பட்டங்கள் இல்லை. ‘மாமா’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பொதியில் ஒன்றே ஒன்று மட்டும் உண்மையான கல். இதுவரை வந்தவற்றில் அதுதான் மிகச் சிறந்தது. கோடுகள் எவ்வளவு கூராக எழுந்தன தெரியுமா, பேராசிரியர் எழுந்து நின்று பார்த்தார். ஓர் ஓரத்தில் தேய்த்த தடம் இருக்கிறது. நேராக இல்லை. வளைந்து வளைந்து.

அது எப்படி வந்தது என்று எழுதுங்கள். அம்மா உண்மையில் சொன்ன வார்த்தையை எழுதுங்கள். எவ்வளவு கசப்பானாலும் சரி. நல்ல வார்த்தை எனக்கு வேண்டாம் மாமா. அம்மாவின் வார்த்தை வேண்டும்.

விஜயகலா


மேல்கணக்கு, பெல்மதுளை
1998 ஒக்டோபர் 4

மருமகளே,

மாமன் தோற்றுப்போனேன். உலகத்தில் எந்தப் பொய்யையும் காப்பாற்றிவிடலாம் என்று இருந்தேன். எக்ஸ்ரே என்று ஒன்று இருப்பது தெரியாமல் போயிற்று.

ஜூலையில் மலையில் கொழுந்து எடுக்கும்போது கூடையோடு சாய்ந்தாள். வலது பக்கம் வரவில்லை. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தோம். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வாய் கோணிவிட்டது. பேச்சு குழறும், ஆனால் கிட்டப் போனால் விளங்கும்.

உனக்குத் தந்தி அடிக்கப் போகிறேன் என்று சட்டையைப் போட்டேன். அப்போது சொன்னாள். நீ கேட்ட வார்த்தை இதுதான், ஒன்றும் சேர்க்கவில்லை:

“அவள வர வேணாம்னு சொல்லு.”

நான் சண்டை போட்டேன். “செத்தாலும் ஒன் வீம்பு போகாதாக்கா? பெத்த புள்ள, ஒரு வார்த்தை ஏதோ சொல்லிப்புட்டா. அதுக்காகவா?” என்று கத்தினேன். அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக் கிட்ட இழுத்தாள்.

“கொழும்புல எறங்குனா புடிச்சிக்குவானுங்கடா. விஜேந்திரன் அம்மா இன்னும் ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்குறா. கல்ல அனுப்பு, போதும். கல்லுகிட்ட எவன் ஐடென்டிட்டி காட் கேக்கப் போறான்?”

நீ போகும்போதும் இதே பயம்தான். அதை வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள், பைத்தியக்காரி.

வர வேண்டாம் என்பதை மட்டும் எழுதினால் நீ உடைந்துபோவாய். காரணத்தையும் எழுதினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவாய். அதனால் எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன்.

லயத்துக் கதையை வாசித்தபோது ஒன்றும் பேசவில்லை என்பதுதான் நிஜம். “இன்னொருக்கா படி” என்றாள். படித்தேன். சுவரைத் தாண்டுகிற இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நிறுத்தினால், “ம்” என்றாள்.

பிறகு மூலையைக் காட்டினாள். விழுவதற்கு முன்னால் பொறுக்கி, இன்னும் தேய்த்துப் பார்க்காத கல் ஒரு தகரப் பேணியில் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து இடது கையில் கொடுத்தேன், கோப்பையைக் கவிழ்த்து நான் பிடித்துக்கொண்டேன். கை ஆடியது. தேய்ப்பாள், கோட்டைப் பார்ப்பாள், கல்லைக் கீழே போடுவாள். சிவப்பு. கீறல். சிவப்பு. நான் “போதும்க்கா, எல்லாம் கறுப்புத்தான, அனுப்பிருவோம்” என்றேன். முறைத்தாள். அடியில் கிடந்த ஒன்றுதான் கறுப்பாக விழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து, என் சட்டைப்பையில் அவளே போட்டாள். இரண்டு தரம் தவறிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த கிழமை போய்விட்டாள். ரப்பர்க் காட்டு ஓரத்தில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். பிள்ளை போட வேண்டிய மண்ணை நான் போட்டேன். குழியில் வேலையை நிறுத்திவிட்டு நிலாம் நானா ஆட்களோடு வந்தார். மாணிக்கக் குழிக்குக் கிட்ட அவளை வரவிடாதவர்கள், இந்தக் குழியை அவர்களே வெட்டிக் கொடுத்தார்கள்.

ஓகஸ்ட் கடிதம் எழுதும்போது அவள் இல்லை. ஒரு கல்லை மட்டும் பொதி கட்டி அனுப்பினால் நீ சந்தேகப்படுவாய் என்று நினைத்தேன். அதனால் அடுப்பிலிருந்து அள்ளிப் போட்டேன். கறுப்பு கறுப்புத்தானே என்று நினைத்த மடையன் நான்.

நீ அந்த ஆய்வை ஒப்படைத்துவிட்டு வா. கொழும்பில் தனியாக இறங்க விடமாட்டேன். பிளேன் வாசலிலேயே நிற்பேன். நிலாம் நானாவும் தன் வான் வண்டியைக் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நான் எழுதிய கதையில் குழிக்குள்ளிருந்து பறந்தவன் பொய். பஸ் பொய். மீனும் கோழியும் பொய். ராசாத்தி பொய், நூறு வருஷ ஆசீர்வாதமும் பொய். அந்த இடது கை மட்டும் நிஜம். உடைந்த கோப்பை என் அடுப்புக்கு மேலே இருக்கிறது. அடியில் கோணல்மாணலாக ஒரு கறுப்புக் கோடு. கழுவவில்லை.

ஏழுமலை